கட்டியக்காரர் பொன்னுரங்கமும் வெள்ளிப் பதக்கமும்

மார்கழியில் எங்களுக்குக் கூத்து கிடையாது. பங்குனியில் தொடங்கி ஆடியோடு முடிந்துவிடும். மற்ற மாதங்களில் என் ஆர்மோனியப் பெட்டி வீட்டில் பழைய புடவையைப் போர்த்திக்கொண்டு தூங்கும். ஆகையால், மத்தளக்காரர் சின்னப்பன் ஒரு நடுப்பகலில் எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்று, "வாத்தியாரே, பொட்டிய எடுத்துக்கினு வாங்க" என்றபோது, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்த வாய்ப்பாடு என் வாயிலேயே நின்றுவிட்டது. மார்கழியில் பெட்டி வெளியே வருவது சாவுக்குத்தான். யாருக்கு என்று மட்டும் கேட்டேன்.

"பொன்னுரங்கண்ணன் போய்ட்டாரு. காலையில களி துன்னாரு. நல்லாகீதுன்னு சொல்லி இன்னோர் உருண்ட கேட்டாரு. அது வர்றதுக்குள்ள போய்ட்டாரு" என்றார் சின்னப்பன்.

அவரை அறிந்தவர்கள் இதைச் சிரித்துக்கொண்டே படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அழுது எழுதினால் அவருக்குப் பிடிக்காது. அறியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. ஆம்பூர்த் தெருக்கூத்து ஜமாவில், அதாவது ஆட்டக் குழுவில், பொன்னுரங்கம் அண்ணன் கட்டியக்காரர். ராஜா வருகிறார், மந்திரி வருகிறார் என்று சபைக்குச் சொல்வதும், வந்த ராஜாவைக் கிண்டல் செய்வதும், கிரீடம் நழுவினால் அதைக் கட்டி முடிக்கும் வரை ஜனங்களைச் சிரிக்க வைப்பதும் கட்டியக்காரர் வேலை. இன்னொரு வேலையும் உண்டு. ஆட்டத்தின் நடுவே ஊரார் யாராவது வந்து ஒரு ரூபாயோ, துண்டோ, கோழியோ கொடுத்தால், ஆட்டத்தை நிறுத்திவிட்டு, "அன்பளிப்பு" என்று குரல் கொடுத்து, கொடுத்தவர் பேரையும் அவருடைய தகப்பனார் பேரையும் ஊரையும் சொல்லி வாழ்த்த வேண்டும். நான் அதே ஜமாவில் ஆர்மோனியம். தேவாலயத்தில் கீர்த்தனைக்குப் பழகிய கையைப் பாரதத்துக்கும் பழக்கிக்கொண்டேன். எங்கள் போதகருக்கு இது தெரியும். தெரியாதவர்போல இருக்கத் தெரிந்த நல்ல மனிதர் அவர்.

எனக்கும் அண்ணனுக்கும் இருந்த ஒரே சண்டை இந்த அன்பளிப்புதான். நான் ஒரு முகாரியை மெள்ள மெள்ள மேலே கொண்டுபோய், கூட்டத்தில் பெண்கள் முந்தானையை எடுக்கும் சமயத்தில், அவர் வலது கையை உயர்த்துவார். உடனே பெட்டியும் மத்தளமும் நிற்க வேண்டும். எத்தனை ராகங்களை அவர் இப்படிப் பாதி வழியில் இறக்கிவிட்டிருக்கிறார் என்று எனக்குத்தான் தெரியும்.

ஒடுகத்தூரில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். திரௌபதி அம்மன் திருவிழாவின் கடைசி நாள், நல்ல வெயிலில் துரியோதனன் வதமான படுகளம். துரியோதனனை மண்ணால் பெரிதாகச் செய்து படுக்க வைத்திருந்தார்கள். பீமன் வேஷக்காரர் கதாயுதத்தை ஓங்கிவிட்டார். ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பார்த்தால், அண்ணன் கை மேலே போகிறது. ஒரு வேர்க்கடலை விவசாயி பூசணிக்காய் ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து நிற்கிறார். அண்ணன் அவரிடம் நிதானமாக விசாரித்து, அவர் பேர், தகப்பனார் பேர், ஊர் எல்லாம் சொல்லி, அவர் நிலத்தில் கடலைக்குப் பூச்சி வராமல் இருக்கவும், அவர் மாமனார் வாய் கொஞ்சம் குறையவும் வாழ்த்தினார். அதுவரைக்கும் பீமன் ஓங்கிய கையோடு நின்றார். அவர் கை நடுங்கியதைக் கோபம் என்று நினைத்து ஜனங்கள் மெச்சினார்கள்.

கூத்து முடிந்ததும் நான் சண்டைக்குப் போனேன். அண்ணன் முகத்து அரிதாரத்தைத் தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "இன்னா வாத்தியாரே, பீமன் எங்க போய்டப் போறான்? துரியோதனன் மண்ணு, அவனும் போவ மாட்டான். அந்தாளுக்கு பஸ்ஸு போய்டும்."

"அதற்காக, அடி விழுகிற நேரத்திலா?"

"குடுக்கறவன் நேரம் பாத்தா குடுக்கறான்? சொல்லாம வாங்கிக்கினா அது திருட்டு. அவன் பேரு மட்டும் சொன்னா பாதி திருட்டு. அப்பன் பேரையும் சேத்துச் சொன்னாத்தான் கணக்கு நேரு."

நான் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அந்தப் பூசணிக்காயில் சமைத்த கூட்டு எங்கள் வீட்டுக்கு வந்தது. அதையும் அவர் சும்மா கொடுக்கவில்லை. வாசலில் நின்று, கொடுத்த விவசாயியின் தகப்பனார் பேரை மறுபடி ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் கிண்ணத்தை நீட்டினார்.

கூத்து இல்லாத காலத்தில் அவருக்குத் தோல் கிடங்கில் வேலை. சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலைச் சாய்ந்த கட்டையில் போட்டு, ஒட்டியிருக்கும் சதையைக் கத்தியால் வழிப்பார். அங்கேயும் இதே கதைதான். மேஸ்திரி ஒரு பீடி கொடுத்தால் போதும், கத்தியைக் கீழே வைத்துவிட்டு, பேரணாம்பட்டில் பிறந்த மேஸ்திரியின் தகப்பனார் பேர்வரை கிடங்கே கேட்கும்படி அறிவிப்பார். மேஸ்திரி முதலில் கோபித்துக்கொண்டார். பிறகு, தம் பேர் குறைவாகக் கேட்கும் நாட்களில் தாமே வந்து பீடியை நீட்டினார் என்று கேள்வி.

இப்போது அந்தப் பதக்கத்தின் கதைக்கு வருகிறேன். ஆம்பூர் ரயிலடிக்குப் பக்கத்து மைதானத்தில்தான் எங்கள் கூத்து வழக்கமாக நடக்கும். தோல் கிடங்கு ஆட்கள் வேலை முடிந்து, குளித்து, நேராக நடந்து வந்துவிடலாம். பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாம். ஒரு வருஷம், மைதானத்தை அடுத்துப் புது வீடு கட்டிய சில பெரிய மனிதர்கள் மத்தளச் சத்தம் தாங்கவில்லை என்று எழுதிப்போட, எங்களுக்குப் பெர்மிட்டு இல்லை என்றாகிவிட்டது. ஊருக்கு வெளியே ஒரு புளியந்தோப்பில் போய் ஆடினோம். அவ்வளவு தூரம் யார் வருவார்கள்? பாதிக் கூட்டம்கூட இல்லை. அந்த வருஷம்தான் அண்ணன் முகத்தில் முதல் தடவையாகக் கவலையைப் பார்த்தேன். "மைதானம் போச்சின்னா ஜமா போச்சி வாத்தியாரே. தோப்புல கீற புளியமரமா நமக்கு அன்பளிப்பு குடுக்கும்?" என்றார்.

அப்போதுதான் வேலூரில் கண்காட்சி வைத்தார்கள். உழவுக்கும் கைத்தொழிலுக்கும் பரிசு கொடுப்பதோடு, ஜில்லாவில் உள்ள கலைக்காரர்களையும் கௌரவிப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. நாயனத்துக்கு ஒருவர், பொம்மலாட்டத்துக்கு ஒருவர், கூத்துக்கு ஒருவர். ஆளுக்கு ஒரு வெள்ளிப் பதக்கம், அதோடு வருஷாவருஷம் மானியம். கமிட்டியின் காரியதரிசி ஒரு வக்கீல். கூத்துக்காரர் என்றால் அவருக்கு முகம் சுளிக்கும். ஆனாலும் விசாரித்த இடமெல்லாம் பொன்னுரங்கம் பேரையே சொன்னதால், எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"கலெக்டர் துரையின் சம்சாரம் தன் கையால் பதக்கம் கொடுக்கிறார்" என்றார். "பதக்கம் வாங்கிய ஜமாவுக்கு மைதானத்தை மறுக்கக்கூடாது என்று நானே எழுதுகிறேன். ஒரே ஒரு நிபந்தனை. வேஷத்தோடு, மத்தளம் பெட்டியோடு வரலாம். பதக்கம் வாங்கும்போது வாயைத் திறக்கக்கூடாது. கும்பிட வேண்டும், வாங்க வேண்டும், இறங்க வேண்டும். உன் கூச்சலைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும்."

அண்ணன் கும்பிட்டு ஒப்புக்கொண்டார். வாயால் ஒப்புக்கொள்வது சுலபம். அந்த வாய்தானே பிரச்சினை.

ஒரு வாரம் ஒத்திகை பார்த்தோம். நான் துரைசானியாக நின்று துண்டைக் கொடுப்பேன், அவர் பேசாமல் வாங்க வேண்டும். முதல் நாள், "மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் சாமுவேல், தகப்பனார் பேரு" என்று தொடங்கிவிட்டுத்தான் நாக்கைக் கடித்தார். மறுநாள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கினார், ஆனால் வலது கை தானாக மேலே போயிற்று. அந்தக் கையைச் சின்னப்பன் பிடித்துக்கொண்டார். மூன்றாம் நாள் பேசாமல் வாங்கி இறங்கியவருக்கு முகமெல்லாம் வேர்த்துவிட்டது. "இன்னாமோ மளிகக் கடையில பொட்டலத்தத் தூக்கிக்கினு ஓடியாந்தா மாதிரி கீது" என்றார். கடைசியில் சின்னப்பன்தான் வழி சொன்னார். வாயில் பெரிய கல்கண்டு ஒன்றை அடக்கிக்கொள்வது. அது கரைவதற்குள் பதக்கத்தை வாங்கி இறங்கிவிடலாம். கடைத்தெருவிலேயே பெரிய கல்கண்டாகத் தேடி வாங்கினோம்.

கண்காட்சிப் பந்தல் கொள்ளாத கூட்டம். முன்னால் நாற்காலிகளில் உத்தியோகஸ்தர்கள், பின்னால் தரையில் ஜனங்கள். ஆம்பூர், பேரணாம்பட்டு தோல் கிடங்கு ஆட்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து பின்வரிசை முழுவதையும் பிடித்திருந்தார்கள். அரக்கோணம் ரயிலில் வந்த பொம்மலாட்டக்காரர் முதலில் பதக்கம் வாங்கினார். அடுத்தது நாயனம். அடுத்தது நாங்கள். அண்ணன் கூம்புத் தொப்பியும் கோமாளி அங்கியுமாக மேடை ஏறும்போது கன்னம் ஒரு பக்கம் உப்பியிருந்தது. எங்கள் திட்டம் பலித்துத்தான் இருக்கும். ஆனால் காரியதரிசி பேச எழுந்தார்.

கூத்தின் தோற்றத்தைப் பற்றி அவர் பேசினார். கூத்தின் குறைகளைப் பற்றிப் பேசினார். குறைகளைக் களையும் வழிகளைப் பற்றிப் பேசினார். நான் பெட்டியில் சன்னமாகச் சுருதி பிடித்துக்கொண்டு அண்ணன் கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கன்னம் மெள்ள மெள்ள வற்றிக்கொண்டே வந்தது. வக்கீல் உட்காரும்போது அண்ணன் வாயில் கல்கண்டு இருந்ததற்கு அடையாளமே இல்லை.

துரைசானி சிரித்த முகத்தோடு பதக்கத்தை நீட்டினார். அண்ணன் கும்பிட்டார். வாங்கினார். திரும்பி ஓர் அடியும் வைத்தார். இன்னும் இரண்டு அடி வைத்திருந்தால் படி. அங்கே நின்றுவிட்டார். அவர் வலது கை மேலே போவதைப் பார்த்தேன். நிறுத்தமாட்டேன் என்று நானும் சத்தியம் செய்திருந்தேன். என்ன செய்வது, இத்தனை வருஷப் பழக்கம், என் கைகள் நின்றுவிட்டன. சின்னப்பன் மத்தளமும் வழக்கமான அந்த ஒரு தட்டைத் தட்டிவிட்டு நின்றது.

"அன்பளிப்பு" என்றார் அண்ணன். பின்வரிசையிலிருந்து, "ஆமா, சொல்லு" என்று தோல் கிடங்கு முழுவதும் பதில் கொடுத்தது.

அவர் துரைசானி பக்கம் திரும்பி, பூசணிக்காய் விவசாயியிடம் கேட்ட அதே குரலில், "அம்மா, உங்க நைனா பேரு இன்னாம்மா?" என்று கேட்டார்.

காரியதரிசி எழுந்து, "பொன்னுரங்கம், இறங்கு" என்றார். தாசில்தார் பந்தலின் கூரையை ஆராயத் தொடங்கினார். துரைக்குப் பரீட்சைக்குப் படித்த தமிழ்தான், அதில் அப்பாவைக் குறிக்கும் 'நைனா' இல்லை. என்ன கேட்கிறான் என்று அவர் மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாளோ சமையல்காரரிடமும் தோட்டக்காரரிடமும் தமிழ் கற்றவர். நம் ஊர்த் தமிழிலேயே பதில் வந்தது.

"எங்க நைனா பேரு ஜார்ஜி."

"ஊரும்மா?"

அவர் ஓர் ஊரைச் சொன்னார். அண்ணன் அதை வாயில் போட்டு இரண்டு தரம் மென்று பார்த்தார். "அது வாய்ல நிக்க மாட்டேங்குதும்மா. இன்னா தொழிலு சொல்லுங்க, அத்த வெச்சி சொல்லிடறேன்."

"பூட்ஸ் கடை. அவரே தைப்பாரு."

துரையின் முகம் கழுத்திலிருந்து மேலே சிவந்ததை நான் பார்த்தேன். அந்த வரிசையில் இருந்த மற்றத் துரைமாருக்கு இது புதுச் செய்தி என்பது அவர்கள் மீசைகளிலிருந்து தெரிந்தது. அண்ணன் அதையெல்லாம் பார்க்கவில்லை. அவர் முகம் மலர்ந்துவிட்டது. பதக்கத்தை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"சீமையில பூட்ஸு தைக்கிற நம்ப தொழில்காரரு, ஜார்ஜி நைனாவோட மவ, நம்ப கலெக்டரு வூட்டு அம்மா, ஆம்பூரு ஜமாவுக்கு வெள்ளிப் பதக்கம் ஒண்ணு அன்பளிப்பு. நாம இங்க சுண்ணாம்புல போட்டு, வழிச்சி, பட்டையில ஊற வெச்சி, கப்பல் ஏத்தற தோலு எங்க போவுதுன்னு கேட்டீங்களே, அந்த நைனா கடைக்கித்தான் போவுது. நான் வழிச்ச தோல அவுரு தெச்சிருப்பாரு. அவுரு கடையில யாவாரம் ஜாஸ்தியாவணும், தோலு வெல கம்மியாவணும், அவுரு தெச்ச பூட்ஸு ஒரு காலையும் கடிக்காம இருக்கணும்."

பின்வரிசை எழுந்து நின்றுவிட்டது. துண்டுகள் பறந்தன. பந்தல் கம்பம் ஒன்று சாய்ந்து இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். துரைசானி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முதலில் சிரிப்பு என்றுதான் நினைத்தேன், பிறகு அவ்வளவும் சிரிப்பாகத் தெரியவில்லை. மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அண்ணன் மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை பூட்ஸுக்கு இன்னும் இரண்டு வாழ்த்து கூடிற்று.

"உங்க கூத்து அடுத்து எங்க? நான் வந்து பாக்கணும்" என்றார் அந்த அம்மாள்.

"ஆம்பூரு மைதானத்துலதாம்மா. இப்ப பெர்மிட்டு இல்ல. குடுத்தா அங்க, இல்லாட்டி தோப்புல. தோப்புல எறும்பு ஜாஸ்திம்மா."

துரைசானி துரையைப் பார்த்தார். பூட்ஸை விட்டுப் பேச்சு எந்தப் பக்கம் போனாலும் சரி என்ற நிலையில் இருந்த துரை, தாசில்தாரைக் கூப்பிட்டு, "மைதானத்தை இவர்களுக்கு அளிக்கக் கடவீர்" என்று பரீட்சைத் தமிழில் எல்லார் காதிலும் விழும்படி சொல்லிவிட்டார். அன்று முதல் இன்றுவரை மைதானம் எங்களுடையது.

மானியத்தைக் கேட்காதீர்கள். மேடையில் நடந்த ஒழுங்கீனத்தை முன்னிட்டு அதை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைத்திருப்பதாகக் காரியதரிசி சொன்னார். அந்த அடுத்த வருஷம் இன்னும் ஆம்பூர் ரயிலடியில் வந்து இறங்கவில்லை. நான் கொதித்தேன். அண்ணன், "வுடு வாத்தியாரே. குடுத்திருந்தா வருஷா வருஷம் வக்கீலோட அப்பன் பேர நான் சொல்லணும். அவுரு பேஜார் ஆயிடுவாரு" என்றார். துரைசானியும் கூத்துப் பார்க்க வரவில்லை. பங்குனிக்கு முன்பே துரைக்கு மாற்றல் வந்துவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு வருஷமும் மைதானத்தில் முதல் கூத்தன்று, ஆட்டம் தொடங்குமுன் அண்ணன் அந்த அன்பளிப்பை ஒருமுறை சொல்லிவிடுவார். ஆம்பூரில் நண்டு சிண்டுகளுக்கெல்லாம் பூட்ஸ் ஜார்ஜி நைனா தெரியும்.

பதக்கத்தை அவர் மேடையில் ஒரு நாளும் அணிந்ததில்லை. "நான் பதக்கம் போட்டுக்கினா ராசா வேஷக்காரன் கோச்சுக்குவான்" என்பார். அது வீட்டில் கரண்டி மாட்டும் ஆணியில் தொங்கியது. மகள் அமிர்தம் பாத்திரத்தோடு பாத்திரமாகப் புளி போட்டு விளக்கி வைப்பாள்.

காரியத்தன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அதே மைதானத்தில் அவருக்காகக் கூத்து வைத்தோம். இறந்தவருக்கு ஆடும் கர்ண மோட்சம். தொப்பியைப் போட்டுக்கொண்டு சின்னப்பனின் தம்பி கட்டியக்காரராக நின்றார். நான் முகாரி எடுத்தேன். அண்ணன் போனதிலிருந்து நெஞ்சில் அடைத்திருந்ததெல்லாம் விரலில் வந்தது. வாழ்நாளில் அப்படி நான் வாசித்ததில்லை, இனி வாசிக்கப்போவதும் இல்லை. குறுக்கிடவும் ஆள் இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போது அமிர்தம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். முந்தானையிலிருந்து பதக்கத்தை எடுத்துப் புதுக் கட்டியக்காரர் கையில் வைத்து, "ஜமாவுக்கு. பொட்டியில வெச்சிக்கங்க" என்றாள். அவர் வாங்கிக்கொண்டு பேசாமல் நின்றார். சொல்லாமல் வாங்கினால் திருட்டு.

என் கைகள் நின்றன. ராகம் உச்சியில் இருந்த இடத்திலேயே நின்றது. அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த நிறுத்தம் ஒன்றுதான். பெட்டியை விட்டு எழுந்து வலது கையை உயர்த்தினேன். பிரசங்கமும் பாடமும் பேசிய வாயை முதல் தடவையாகக் கூத்துக்குத் திறந்தேன். சின்னப்பன் அந்த ஒரு தட்டைத் தட்டினார்.

"அன்பளிப்பு" என்றேன்.

"ஆமா, சொல்லு" என்றது மைதானம்.

எல்லார் தகப்பனார் பேரையும் கேட்டுச் சொன்னவர் பேரை, ஒரு தகப்பனார் பேராக, அந்த மைதானம் அதுவரை கேட்டதில்லை.

"ஆம்பூரு ஜமா கட்டியக்காரரு, தோல் கிடங்கு பொன்னுரங்கம் மகள் அமிர்தம், வெள்ளிப் பதக்கம் ஒண்ணு."